திரும்பி வர வழி இருக்கா?

“போனது சரி சார். திரும்பி வர வழி இருக்கா?”

கேட்டவள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் ஒரு கிராமம். சாயங்கால நேரம். மாமரத்தடித் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 2023-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல். கீழடிக்கு வந்துசேரும் ஒரு சிறுவன், ஒரு பொம்மையின் துணையால் 2,600 ஆண்டுகள் பின்னால் போய், தன் வயதுப் பையனான ஆதனைச் சந்திக்கிறான். அந்த இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் இந்தக் கேள்வி வந்தது.

நான் வேறொன்றை எதிர்பார்த்திருந்தேன். பொம்மை எப்படி சார் ஆளைக் கூட்டிக்கொண்டு போகும், அது பொய்தானே என்று யாராவது மடக்குவார்கள், கற்பனையின் அருமை பெருமைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசலாம் என்று தயாராகப் போயிருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. பொம்மைக்குச் சக்தி உண்டு என்பதை, பம்புசெட்டில் தண்ணீர் வரும் என்பதைப் போல ஒப்புக்கொண்டார்கள். அவர்களுடைய கவலையெல்லாம் திரும்பி வருவதைப் பற்றித்தான்.

ஊருக்குத் திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். இதில் வியக்க என்ன இருக்கிறது? இது பாரதக் கூத்து நடக்கும் மண். செஞ்சிப் பக்கத்து மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத் தாய்க்கோயிலாகச் சொல்லும் வட்டாரம். பங்குனி பிறந்துவிட்டால் ஆடி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் விடிய விடியக் கூத்தும் நடந்துகொண்டே இருக்கும். கடைசி நாள் படுகளம். ஊர்ப் பொட்டலில் பல அடி நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். கண்ணும் மீசையும் வைத்து வண்ணம் தீட்டிய அந்த உருவத்தைச் சுற்றிப் பீமன் வேடக்காரர் கதாயுதத்தோடு ஓடுவார். தொடையில் அடி விழும். உள்ளே புதைத்து வைத்த சட்டி உடைந்து செந்நீர் தெறிக்கும். அதைத் தொட்டுப் பாஞ்சாலி கூந்தலை முடிவாள். அழாத பெண்கள் குறைவு. முடிந்ததும் அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிக்கொண்டுபோய் நெல் குதிரில் போடுகிறவர்கள் உண்டு. மண் பொம்மைக்கு உயிர் உண்டா என்று இந்தப் பிள்ளைகளிடம் போய் யார் கேட்பது?

திரும்பி வரும் கவலையும் அங்கிருந்து வந்ததுதான் என்று நினைக்கிறேன். அபிமன்னன் சண்டை நடக்கும் இரவில், தூங்கி விழுகிற பிள்ளைகளைக்கூடத் தட்டி எழுப்பி உட்கார வைப்பார்கள். சக்கர வியூகத்துக்குள்ளே போகத் தெரிந்த பையன், வெளியே வரத் தெரியாதவன். வயிற்றில் இருக்கும்போது கேட்ட பாடம் பாதியில் நின்றுபோனது. மீசை முளைக்கிற வயசில் ஒரு பையன் பெரியவர்கள் சண்டைக்குள் தனியாகப் போய் முடிந்துபோன கதை அது. நம்மிடம் உள்ள ‘வளர்ந்து ஆளாகும்’ கதைகளிலேயே கொடுமையானதும் அதுதான். அதைக் கேட்டு வளர்ந்த பெண் ஒருத்தி, மாயக் கதையைத் திறந்ததும் வாசலைத் தேடாமல் என்ன செய்வாள்?

நாவலில் பிள்ளைகளை உலுக்கிய இன்னொன்று ஆதனின் பெயர். அது எழுத்தாளர் யோசித்து வைத்த பெயரல்ல, கீழடியில் கிடைத்த பானை ஓட்டில் தமிழி எழுத்தில் கீறியிருந்த பெயர் என்றேன். 2019-ல் வெளியான தொல்லியல் துறை அறிக்கை அந்த இடத்தின் காலத்தை கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுபோனதையும் சொன்னேன். நூற்றாண்டுக் கணக்கு அவர்கள் காதில் ஏறவில்லை. பானையில் பேர் எழுதினான் என்பது மட்டும் ஏறியது. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். “இவன் பெஞ்சுல காம்பஸால பேர் கிறுக்கி அடி வாங்கினான் சார். ரெண்டாயிரம் வருஷம் கழிச்சுத் தோண்டினா இவனைப் பத்தியும் கதை எழுதுவாங்களா?” அடி வாங்கியவன் முகத்தில் ஒரு கௌரவம் வந்து உட்கார்ந்தது.

அடுத்த பத்து நிமிஷத்தில் கதை கீழடியை விட்டு இவர்கள் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. கூட்டிக்கொண்டு வந்தது நானில்லை. அவர்களில் இரண்டு பேர் வானூர் வட்டத்துத் திருவக்கரைக்குப் போயிருக்கிறார்கள். வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் பக்கத்துக் கல்மரப் பூங்காவையும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு, மணலில் புதைந்து, மரத்தின் ஒவ்வொரு இழையிலும் மணற்சத்து ஏறிக் கல்லாகிப்போன மரங்கள். பட்டையும் கணுவும் வளையமும் அப்படியே இருக்கும். தொட்டால்தான் கல் என்று தெரியும். அசுரனுடைய எலும்பு என்றொரு கதையும் அங்கே உண்டு. “பொம்மையைத் தொட்டா 2,600 வருஷம் போவுதுன்னா, அந்த மரத்தைத் தொட்டா எவ்ளோ தூரம் போவும்?” என்றான் ஒருவன். “அங்க போனா ஆளே இருக்க மாட்டாங்கடா. யார்கூடப் பேசுவ?” என்றாள் அந்த ஆறாம் வகுப்பு. ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல மதிப்புரை எனக்கு எழுத வராது.

பெரியவர்களின் எதிர்வினை வேறு மாதிரி. எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று கேட்டுவிட்டு, “இது பரீட்சைக்கு வருமா?” என்றார். இது பழைய கேள்வி. விட்டுவிடலாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுப்பிய ஆட்சேபம் கனமானது. அறிவொளி இயக்கக் காலத்தில் வீதி நாடகம் போட்ட மனிதர். “மந்திரம் மாயம்னு சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் அறிவியல் எப்படிங்க சொல்லிக் குடுக்கறது?” தமிழ்ச் சிறார் எழுத்துக்குள் வெகுகாலமாக நடக்கும் வழக்கு இது. அம்புலிமாமாவும் வாண்டுமாமாவும் ராஜா, ராணி, மந்திரவாதி என்று பிள்ளைகளை மயக்கினார்கள் என்பது ஒரு கட்சி. அந்த மயக்கத்தில்தான் நாங்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றோம் என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. 1947-ல் தொடங்கிய அம்புலிமாமா இதழில் வேதாளம் கதை சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி கேட்கும். தெரிந்தும் பதில் சொல்லாவிட்டால் விக்கிரமாதித்தன் தலை வெடித்துவிடும். கதை கேட்டவன் நியாயம் சொல்லியாக வேண்டும் என்று அதைவிடக் கண்டிப்பாக எந்தப் பாடப்புத்தகம் சொன்னது? உதயசங்கர் இந்த வழக்கைச் சாமர்த்தியமாகத் தீர்த்திருக்கிறார். மந்திரத்தைக் கதவாக மட்டும் வைத்துக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கம் வரலாற்றை வைத்துவிட்டார். சில இடங்களில் வரலாறு கொஞ்சம் அதிகமாகவே பாடம் நடத்துகிறது என்பது என் சொந்தக் குறை. பிள்ளைகள் அப்படி ஏதும் சொல்லவில்லை.

கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். ரயில் எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று கணக்குப் பார்த்த மனிதர் காலப்பயணக் கதை எழுதுவது பொருத்தம்தான்.

ரயில் என்றதும் ஞாபகம் வருகிறது. அன்றைக்குப் போகும்போது விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் ஏறினேன். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி என்று நின்று நின்று போகும் வண்டி. எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவி என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்துப் பேச்சுக்கொடுத்தார். ஹாரி பாட்டரை முதலில் தமிழ் டப்பிங் படமாகப் பார்த்து, அப்புறம் புத்தகத்துக்குப் போனவர். பறக்கும் துடைப்பத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பெரியம்மா வீட்ல மாடிப்படிக்கு அடியில படுக்க வெச்சிருப்பாங்களே, அதுதாங்க எனக்குப் புடிச்சுது. லீவு விட்டா மறுபடியும் அங்கதான் வந்தாகணும்ல அவன்?” என்றார். இவரும் திரும்பி வருவதைத்தான் பேசினார். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவரா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மயிலத்தில் நான் இறங்கிவிட்டேன்.

ஹாரி பாட்டரின் முதல் நாவலே ஒரு சிறுமியின் எதிர்வினையால் பிழைத்தது என்பது நினைவிருக்கலாம். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் படியின் முதல் அத்தியாயத்தை ப்ளூம்ஸ்பரி பதிப்பகத் தலைவர் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு வந்து மீதி எங்கே என்று நச்சரித்தாள். 1997-ல் புத்தகம் வந்தது.

மீதி எங்கே என்று நச்சரிக்க நம் பிள்ளைகள் கையில் முதலில் புத்தகம் இருக்க வேண்டுமே. 2021 அக்டோபர் 27-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில். கொரோனா தொற்றுக் காலத்தில் எழுத்தையே மறந்துபோன பிள்ளைகளைத் தெருத் திண்ணையில் உட்கார வைத்துத் தன்னார்வலர்கள் கதையும் பாட்டுமாக மீட்ட திட்டம். பிறகு பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று படிவரிசையில் மெல்லிய கதைப் புத்தகங்கள் தந்தார்கள். ‘பற’வைத் தாண்டியவளுக்கு அடுத்து என்ன தருவது என்பதில்தான் இடறுகிறது. நூறு பக்கத்துக்கு மேலே போகும் நாவல் இந்தப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் பெரும்பாலும் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோ சாவி எங்கே என்று கேட்டால், அதற்கும் ஒரு பொம்மை வேண்டும்போல.

அன்றைக்கு இருட்டியதால் கதையைப் பாதியில் நிறுத்தினேன். முடிவைச் சொல்லச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தார்கள். “படிச்சுப் பாருங்க” என்று புத்தகத்தை அந்த ஆறாம் வகுப்பிடம் கொடுத்தேன். வாங்கியவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிவிட்டு முதல் பக்கத்துக்குப் போனாள்.

“எப்படியும் வந்துடுவான்” என்றான் பெஞ்சில் பேர் கிறுக்கியவன். “திண்டிவனத்துலேருந்து கடைசி டவுன்பஸ் எட்டரைக்கு. அதை மட்டும் விட்டுடாம இருந்தா போதும்.”