ஒரு பவுன் ஏன் 8 கிராம்? பழவேற்காட்டு வராகன் முதல் அடகுச் சீட்டு வரை

பழவேற்காட்டில் மீனை எடுத்தால் பெட்டிக் கணக்கு, கூடைக் கணக்கு, கூறு கட்டி வைக்கிற கணக்கு. இறாலுக்குக் கிலோவுக்கு எத்தனை எண்ணிக்கை என்பது கணக்கு. கால் கிலோ முன்னே பின்னே போனால் பெரிதாக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அதே வீட்டில் ஒரு பொருளை மட்டும் கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். அதுதான் தங்கம்.

ஏரியின் முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீன்வரத்து குறையும்போதும், என்ஜின் பழுதாகும்போதும், புது வலை வாங்கும்போதும் முதலில் வெளியே போவது பெண்களின் காதிலும் கழுத்திலும் இருப்பதுதான். கல்யாணத்தில் “எத்தனை பவுன் போட்டாங்க?” என்று கேட்ட அதே நகை, அடகுக் கடைக்குப் போனதும் கிராமாக மாறிவிடுகிறது. பிறகு கல் எடை, அரக்கு எடை என்று ஒவ்வொன்றாகக் கழிகிறது. கடைசியில் கையில் வரும் பணத்துக்கும் மனதில் போட்டு வைத்த கணக்குக்கும் நிறைய இடைவெளி. இந்தப் பவுன், கிராம், கேரட், சென்ட் எல்லாம் எங்கிருந்து வந்தன? எதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

பவுன் என்பது ஒரு நாணயம்

முதலில் எல்லோருக்கும் தெரிந்தது: ஒரு பவுன், அதாவது ஒரு சவரன், 8 கிராம். இந்த 8 எப்படி வந்தது என்பதுதான் பலருக்கும் தெரியாது.

சவரன் என்பது பிரிட்டனின் ‘சாவரின்’ தங்க நாணயம். இன்று நாம் அறிந்த வடிவில் அது 1817-ல் வெளிவந்தது. மதிப்பு ஒரு பவுண்டு. அதனால்தான் நம் ஊரில் அதற்குப் ‘பவுன்’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்த நாணயத்தின் எடை 7.988 கிராம், 22 கேரட் தங்கம், அதற்குள் இருக்கும் சுத்தத் தங்கம் 7.322 கிராம். காலனி ஆட்சிக் காலத்தில் இந்த நாணயம் இந்தியா முழுக்கப் புழங்கியது. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல், பம்பாயிலேயே அச்சடித்தார்கள். காசாக இருந்ததை நகையாக உருக்கினார்கள், நகையைக் காசு எண்ணிக்கையில் பேசினார்கள். மெட்ரிக் முறை வந்தபோது 7.988 என்பதை 8 என்று முழுமையாக்கிக்கொண்டார்கள். நாணயம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இந்தியாவில் மெட்ரிக் எடைகளுக்கான சட்டம் 1956-ல் வந்தது. 1958 முதல் படிப்படியாக அமலுக்கு வந்து, 1960-களின் தொடக்கத்தில் கிராமும் கிலோவும் மட்டுமே சட்டப்படியான எடைகள் ஆயின. இப்போது நடைமுறையில் உள்ள 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் இதையே சொல்கிறது: விலை சொல்வதும் பில் போடுவதும் தரப்படுத்தப்பட்ட அலகில்தான் இருக்க வேண்டும். ஆகவே வாயால் எத்தனை பவுன் என்று வேண்டுமானாலும் பேசலாம். பில்லில் கிராம் இருக்க வேண்டும்.

வட இந்தியாவில் பேசப்படும் ‘தோலா’வும் இதே கதைதான். அது 11.664 கிராம். பழைய பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. உலகச் சந்தையில் தங்கம் விலை சொல்லப்படும் ‘ட்ராய் அவுன்ஸ்’ 31.103 கிராம். டிவியில் ‘ஒரு அவுன்ஸ் இத்தனை டாலர்’ என்று ஓடுவது இந்த அவுன்ஸ்தான். மளிகைப் பொருளுக்கான அவுன்ஸ் வேறு, அது 28.35 கிராம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டு ‘உள்ளூர் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார்’ என்று பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழவேற்காடு அச்சடித்த வராகன்

நாணயமே எடையாக மாறிய கதை பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் இங்கே வந்து, 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வாக்கில் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை பழவேற்காடுதான். துணி வாங்கத் தங்கம் தேவைப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவந்த தங்கத்தை உள்ளூர் வியாபாரி ஏற்கும் காசாக மாற்ற, இங்கே நாணயச் சாலையும் இயங்கியது. அதில் அச்சானது ‘பகோடா’, நம் பேச்சில் வராகன். எடை சுமார் 3.4 கிராம்.

இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும்தான். டச்சுக் கல்லறைகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நாணயச் சாலை பற்றித் தெரியாது. வராகன் மட்டும் நாட்டு மருந்துக் கடையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘ஒரு வராகன் எடை’ சுக்கு, ‘பலம்’ என்றால் பத்து வராகன் எடை.

வராகனுக்கும் முந்தையவை விதைகள். குண்டுமணி என்கிற குன்றிமணியும் மஞ்சாடியும் தமிழ்நாட்டுப் பொற்கொல்லரின் பழைய படிக்கற்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு என்பது ஏறக்குறைய ஐந்து கிராம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த பொன்னும் நகையும் இந்த அளவுகளில்தான் பதிவாகியிருக்கின்றன. அங்கே ஒரு விவரம் கவனிக்க வேண்டியது. பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் வைத்த நகைகளைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. வெறுமனே இத்தனை கழஞ்சு என்று எழுதிவிட்டுப் போகவில்லை, எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே ‘யாருடைய தராசு?’ என்ற கேள்வி இருந்திருக்கிறது.

ஒரே வைரம், மூன்று எடை

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு வைர வியாபாரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வைரம் போனது பெரும்பாலும் கோல்கொண்டா சுரங்கங்களிலிருந்து. சோழமண்டலக் கரையில் இருந்த ஐரோப்பியர்கள் எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண் இருந்தது. அங்கே வைரத்தை நிறுத்த அலகின் பெயர் ‘மங்கெலின்’. நம்ம மஞ்சாடியின் உறவுக்காரச் சொல்.

பிரெஞ்சு ரத்தின வியாபாரி தவெர்னியே, 1676-ல் வெளியான தன் பயண நூலில் இந்த எடைகளைக் குறித்து வைத்திருக்கிறார். சுரங்கத்தில் ஒரு மங்கெலின் என்பது ஒன்றே முக்கால் கேரட். கோல்கொண்டா, பீஜப்பூர் ராஜ்யங்களில் அதே பெயர், ஆனால் 1.375 கேரட். கோவாவில் போர்த்துகீசியரிடம் ஒன்றேகால் கேரட்தான். அதாவது சுரங்கத்து வாசலில் ‘10 மங்கெலின்’ என்று வாங்கிய கல், கோல்கொண்டா நகரத்தில் 12.7 ஆகும், கோவாவில் 14 ஆகும். கல் ஒரு துளிகூட வளரவில்லை. விவரம் தெரியாதவர் இடையில் சிக்கினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கேரட்டும் விதையிலிருந்து வந்ததுதான். மத்தியதரைக் கடல் பகுதியின் கரோப் மரத்து விதைக்குக் கிரேக்கத்தில் ‘கெராட்டியன்’ என்று பெயர். அந்த விதைகள் எல்லாம் ஒரே எடை, அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நிறைய இடத்தில் எழுதுவார்கள். 2006-ல் வந்த ஓர் ஆய்வு அதை நிறுத்துப் பார்த்து, மற்ற மர விதைகளைப் போலவே இதுவும் ஏறி இறங்குகிறது என்று சொல்லிவிட்டது. ஊருக்கு ஊர் கேரட் மாறிக்கொண்டிருந்ததால், 1907-ல் சர்வதேச எடை அளவு மாநாடு 1 கேரட் = 200 மில்லிகிராம் என்று முடிவு செய்தது. இன்றைக்கும் அதுவே.

முத்துக்கு வந்தால் இன்னொரு சிக்கல். மன்னார் வளைகுடா முத்து வியாபாரத்தில் எடையைக் கழஞ்சு, மஞ்சாடியில் பார்த்தாலும், விலை எடையோடு நேராக ஏறாது. எடை இரண்டு மடங்கானால் விலை நான்கு மடங்கு என்ற ரீதியில் ஏறும். இதற்கென்று ‘செவ்வு’ என்ற தனிக் கணக்கே இருந்தது. பெரிய முத்து அபூர்வம், அவ்வளவுதான் காரணம்.

கேரட் இரண்டு, சென்ட் இரண்டு

நகைக் கடையில் அதிகம் குழப்புவது இந்தச் சொல்தான். ‘22 கேரட் தங்கம்’ என்றால் எடை இல்லை, சுத்தம். 24-ல் 22 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்ற கலப்பு. ‘அரை கேரட் வைரம்’ என்றால் சுத்தம் இல்லை, எடை. 100 மில்லிகிராம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ரோமானியரின் ‘சாலிடஸ்’ தங்க நாணயம் 24 கரோப் விதை எடை என்று கணக்கு. அதனால் முழுத் தங்கம் 24 ஆனது. தமிழில் சுத்தத்துக்கு ‘மாற்று’ என்ற நல்ல சொல் தனியாக இருந்தது. ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று இன்றும் சொல்கிறோமே, அது. அந்தச் சொல்லைக் கைவிட்டதால்தான் இந்தக் குழப்பம் என்றும் சொல்லலாம்.

ஒரு கேரட்டுக்கு 100 சென்ட். எனவே ’20 சென்ட் வைரம்’ 40 மில்லிகிராம். வீட்டு மனை சென்ட்டோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

கடைக்காரர் ‘200 மில்லி குறையுது’ என்பாரே, அந்த ‘மில்லி’ மில்லிகிராம். கேட்கச் சின்னதாக இருக்கும். கணக்குக்காக ஒரு கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 மில்லி என்பது 2,000 ரூபாய்.

5 பவுனா, 40 கிராமா?

எடை அலகு ஒரு குடும்பத்தின் கடனையே தீர்மானித்த சம்பவம் தமிழ்நாட்டில் சமீபத்தில்தான் நடந்தது. 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. பேச்சில் ‘அஞ்சு பவுன்’. நவம்பரில் வந்த அரசாணையில் அது மொத்த எடை 40 கிராம் என்றானது. ஒரு குடும்பத்தின் நகைக் கடன்கள் எல்லாம் சேர்த்துக் கணக்கில் வந்தன. 40-ஐத் தாண்டியவர்களுக்குத் தள்ளுபடி இல்லை. ‘கொஞ்சம்தானே கூட இருக்கு’ என்ற வாதத்துக்கு இடமே இல்லை. மொத்த எடை என்றால் கல்லும் சேர்ந்தது என்பதைப் பலர் அப்போதுதான் கவனித்தார்கள்.

அடகு வைக்கும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே கல்லைக் கழித்த நிகர எடைக்குத்தான் மதிப்பு. ஒரு தோட்டை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 5.200 கிராம். கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் 0.850 என்றால், நிகர எடை 4.350. அதே கிராமுக்கு 10,000 ரூபாய் கணக்கில் மதிப்பு 43,500 ரூபாய். 85 சதவீதம் கடன் என்றால் 36,975. ‘அஞ்சு கிராம் தோடு’ என்று நினைத்துக்கொண்டு போனவர் எதிர்பார்த்தது 44,000-க்கு மேல். இங்கே கடன் கொடுப்பவர் கல் எடையை 300 மில்லி கூடுதலாகப் போட்டுவிட்டால், இன்னும் 2,550 ரூபாய் போய்விடும். தாலிக் குண்டு மாதிரி உள்ளே அரக்கு நிரப்பிய நகைகளில் இது ரொம்பவே நடக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத எடையை அந்த இடத்தில் ஊகிப்பவர் அவர் மட்டும்தான்.

இதற்காகத்தான் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட தங்க, வெள்ளி அடமானக் கடன் விதிகளில் சில விஷயங்களைத் தெளிவாக எழுதியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நகைக்கடன் நிறுவனங்களும் இவற்றுக்கு மாற வேண்டும் என்று கெடு. நகையைச் சோதிக்கும்போது கடன் வாங்குபவர் அங்கே இருக்க வேண்டும். மொத்த எடை, நிகர எடை, சுத்தம், கல்லுக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள் என்பதை எழுத்தில் தர வேண்டும். இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரையும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் தரலாம். ஒரே தவணையில் திருப்பும் கடன் என்றால் வட்டியும் சேர்த்தே இந்த வரம்பு கணக்கிடப்படும்.

புதிதாக வாங்கும்போது பார்க்க வேண்டியது ஹால்மார்க். 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்.யூ.ஐ.டி. எண் இல்லாமல் விற்கக்கூடாது. ’22கே916′ என்ற முத்திரை சுத்தத்தைத்தான் சொல்லும், எடையை அல்ல. எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்க்கலாம். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு விலக்கு உண்டு. மூக்குத்தியில் முத்திரை தேடி ஏமாற வேண்டாம்.

தராசைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் அதற்குப் பொறுப்பு தொழிலாளர் துறை. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். அந்தச் சான்றிதழைக் கடையில் கேட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு. நகையை வைக்கும் முன் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது அதைவிடச் சுலபம்.

ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். தெருமுனை வட்டிக் கடைகள் மாநில அரசின் உரிமத்தில் நடப்பவை, ரிசர்வ் வங்கியின் விதி அவற்றுக்குப் பொருந்தாது. அங்கே கொடுக்கும் சீட்டில் ‘தோடு ஒரு ஜோடி’ என்று மட்டும் இருந்தால் போதாது. மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வைத்திருந்தால், கடன் முழுவதும் கட்டிய ஏழு வேலை நாட்களுக்குள் நகை கைக்கு வந்தாக வேண்டும். அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. திருப்பி வாங்கும்போது எடை குறைந்திருந்தால் அதற்கும் ஈடு கட்ட வேண்டும். ஆனால் குறைந்ததைக் காட்ட, வைத்த அன்றைக்கு எழுதிய எடை கையில் இருக்க வேண்டும்.