எக்ஸ், ஒய் பயமா? கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தாயிற்று. பாட்டு கேட்டாயிற்று, படம் பார்த்தாயிற்று, பிள்ளைகள் கேம்ஸ் விளையாடியும் ஆயிற்று. "படிப்புக்காகத்தானே வாங்கினோம்?" என்ற கேள்வி இனி எழும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கணக்குப் பாடம் பெரிய கவலை. அதிலும் எக்ஸ், ஒய் வரும் அல்ஜீப்ரா என்றால் நோட்டை மூடிவிடும் பிள்ளைகள் உண்டு. அந்த அல்ஜீப்ராவைப் புரியவைக்க உங்கள் கம்ப்யூட்டரே போதும். காசு கொடுத்து எந்த சாப்ட்வேரும் வாங்க வேண்டாம்.

கணக்கு தெருவிலேயே இருக்கிறது

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்டெய்னர் லாரி புதிதல்ல. அவற்றில் 20 அடி, 40 அடி என இரண்டு அளவுப் பெட்டிகளை அதிகம் பார்க்கலாம். துறைமுகக் கணக்கில் 20 அடிப் பெட்டி 1 டி.இ.யூ.; 40 அடிப் பெட்டி 2 டி.இ.யூ.

இப்போது கணக்கு: ஒரு யார்டில் மொத்தம் 50 பெட்டிகள். அவை மொத்தம் 80 டி.இ.யூ. அப்படியானால் சின்னப் பெட்டி எத்தனை, பெரிய பெட்டி எத்தனை? ஒன்பதாம் வகுப்பில் வரும் இரு மாறிச் சமன்பாடுதான் இது.

முதலில் எக்ஸெல்

எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்யுங்கள்.

1. ஏ1 செல்லில் 0 என்று டைப் செய்யுங்கள். இது சின்னப் பெட்டி.
2. ஏ2 செல்லில் =ஏ1+1 என்று கொடுத்து, 51-வது வரிசை வரை இழுத்துவிடுங்கள்.
3. பி1 செல்லில் =50-ஏ1 என்று கொடுங்கள். இது பெரிய பெட்டி.
4. சி1 செல்லில் =ஏ1+2*பி1 என்று கொடுங்கள். இது டி.இ.யூ.
5. பி1, சி1 இரண்டையும் 51-வது வரிசை வரை இழுத்துவிடுங்கள்.

சி வரிசை 100, 99, 98 என்று ஒவ்வொன்றாக இறங்குவதைப் பிள்ளையிடம் காட்டுங்கள். ஒரு பெரிய பெட்டியை எடுத்துவிட்டு ஒரு சின்னப் பெட்டியை வைத்தால் 1 குறைகிறது. 100-லிருந்து 80-க்கு வர 20 குறைய வேண்டும். எனவே சின்னப் பெட்டி 20, பெரிய பெட்டி 30. எக்ஸ் என்பது புதிரான எழுத்து அல்ல, ஓர் எண்ணுக்காகக் காத்திருக்கும் இடம் என்பது இங்கே புரிந்துவிடும்.

அடுத்து, தமிழிலேயே புரோகிராம்

தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் புரோகிராம் என்றால் கணக்கோடு ஆங்கிலமும் சேர்ந்து மிரட்டும். இதற்கென்றே உருவானது 'எழில்' என்னும் கம்ப்யூட்டர் மொழி. முத்தையா அண்ணாமலை 2007 இறுதியில் இதை உருவாக்கத் தொடங்கி, 2009 ஜூலையில் அறிவித்தார். பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே கணக்கும் புரோகிராமும் கற்க வேண்டும் என்பதே நோக்கம். பைத்தான் மொழியைக் கொண்டு எழுதப்பட்டது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் இலவசம். நம் கணக்கு எழிலில் இப்படி இருக்கும்:

சிறிது = 0
@( சிறிது <= 50 ) வரை
    பெரிது = 50 - சிறிது
    @( சிறிது + 2*பெரிது == 80 ) ஆனால்
        பதிப்பி சிறிது, பெரிது
    முடி
    சிறிது = சிறிது + 1
முடி

'வரை' என்பது திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறது. 'ஆனால்' என்பது நிபந்தனை. 'பதிப்பி' விடையைத் திரையில் காட்டும். ரன் செய்தால் 20, 30 என்று வரும்.

ஒரு எச்சரிக்கை!

"சிறிது = சிறிது + 1 எப்படி சார் சரியாகும்?" என்று பிள்ளை கேட்டால் பாராட்டுங்கள். கணக்கு நோட்டில் அது ஒருபோதும் சரியாகாது. புரோகிராமில் ஒற்றை சமக்குறி ஒரு கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெயரில் போட்டு வை. இரண்டு பக்கமும் சமமா என்று கேட்க இரட்டைச் சமக்குறி போட வேண்டும். இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பாடமும் குழம்பும்.

கம்ப்யூட்டரே போட்டுவிட்டால் அல்ஜீப்ரா எதற்கு?

நம் புரோகிராம் 51 முறை முயன்று பார்த்தது. அல்ஜீப்ராவில் ஒரே வரி: 80-லிருந்து 50-ஐக் கழித்தால் பெரிய பெட்டி 30. பெட்டிகள் 50 லட்சம் என்றாலும் அதே ஒரு வரிதான்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். 80-ஐ அழித்து 120 என்று போடுங்கள். திரையில் ஒன்றும் வராது. காரணத்தைக் கம்ப்யூட்டர் சொல்லாது. நோட்டில் போட்டால் பெரிய பெட்டி 70, சின்னப் பெட்டி மைனஸ் 20 என்று வரும். மைனஸ் 20 பெட்டி கிடையாது. எனவே கணக்கில் கொடுத்த எண்ணே தவறு. முயன்று பார்ப்பது கம்ப்யூட்டரின் பலம், காரணம் காட்டுவது அல்ஜீப்ராவின் பலம்.

பரீட்சையில் படிப்படியாக எழுதினால்தான் முழு மார்க். எனவே கம்ப்யூட்டரில் பார்த்த ஒவ்வொரு கணக்கையும் நோட்டிலும் போடச் சொல்லுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒன்று: காசிமேட்டில் கிலோ 200 ரூபாய் மீனும் 300 ரூபாய் மீனும் சேர்த்து 10 கிலோ வாங்கினீர்கள். பில் 2,600 ரூபாய். எது எத்தனை கிலோ? எண்களை மட்டும் மாற்றினால் போதும், அதே புரோகிராம் விடை சொல்லும். எந்த எண்ணை எங்கே மாற்றுவது என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.