லயத்து அறையில் ஓர் எடிட்டர்

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் சாதாரண தரத்திற்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாகக் கற்று, பரீட்சை முடிந்த பின்னரும் அதில் ருசி குன்றாமல், சொந்தமாக ஓர் இணையப் பக்கத்தை அமைத்துப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் கொண்டுள்ள தோட்டத்துப் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்கும் கேள்வி, நிரலை எந்த எடிட்டரில் எழுதுவது என்பதே. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றும் வெறும் எழுத்துக்களால் ஆன கோப்புகள். அவற்றை வாசித்துப் பக்கமாக விரித்துக் காட்டும் வேலை பிரவுசருடையது. ஆகவே விண்டோஸில் உள்ள சாதாரண நோட்பேடே போதும் என்று சொல்லிவிடலாம். ஆயினும் கட்டளைகளை நிறம் பிரித்துக் காட்டுவதும், திறந்த அடைப்புக்குறியை மூட நினைவூட்டுவதும், பிழை நேர்ந்த வரியைச் சுட்டுவதும் ஆரம்ப மாணாக்கனுக்குப் பெரிய உபகாரங்கள் என்பதில் சந்தேகமில்லை.

கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன்மாரை விசாரித்தால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: விஷுவல் ஸ்டூடியோ கோட். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட இந்த இலவச எடிட்டரை, 2023இல் ஸ்டாக் ஓவர்புளோ நடத்திய கணக்கெடுப்பில் பதிலளித்த நிரலாளருள் பத்தில் ஏழு பேருக்கு மேல் உபயோகிப்பதாகத் தெரிவித்தார்கள். அதன் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது குரோமியம் என்னும் பிரவுசர் இயந்திரத்தின் மேல் கட்டப்பட்டது. அதைத் திறப்பது இன்னொரு பிரவுசரைத் திறப்பதற்குச் சமானம். கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்த, நினைவகம் குறைந்த மடிக்கணினியில் அதனையும் குரோமையும் ஒருங்கே இயக்கினால், சுட்டி அசைவதற்கே காத்திருக்க நேரும். தவிரவும், நன்கொடையாக வந்த பழைய கணினிகளில் இன்றும் இருக்கும் விண்டோஸ் 7இல், 2022இல் வந்த 1.70ஆம் பதிப்புக்குப் பிந்திய எதுவும் இயங்காது.

அத்தகைய கணினிக்கு நான் சிபாரிசு செய்வது, டான் ஹோ என்பவர் 2003இல் வெளியிட்ட நோட்பேட் பிளஸ் பிளஸ். சில மெகாபைட் அளவே உள்ள அதை ஒரு பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவலாம். டேட்டா கார்ட் தீர்ந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். சேமிக்காத எழுத்தையும் ஏழு விநாடிக்கு ஒரு தரம் தானாகவே பிரதி எடுத்து வைப்பது அதன் விசேஷம். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்ட 2022 மார்ச் இறுதியை நினைவில் வைத்திருப்போருக்கும், தென்மேற்குப் பருவக்காற்று மரங்களை மின்கம்பியின் மேல் சாய்த்துவிடும் நாட்களில் பற்றரி செத்துப்போன மடிக்கணினியின் முன் இருட்டில் உட்கார்ந்திருப்போருக்கும் இந்த ஏழு விநாடியின் அருமை விளங்கும்.

தமிழிலே பக்கம் அமைப்பவர் கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. இலங்கையில் பாடசாலைச் சுற்றறிக்கை முதல் கோவில் திருவிழா அறிவித்தல் வரை, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யும் வழக்கம் இன்னும் மறையவில்லை. பாமினியில் அடித்த 'அம்மா'வை எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களே தோன்றும். மகர மெய்யின் புள்ளி நின்ற இடத்தில் ஓர் அரைப்புள்ளி நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கூற்றை முடித்துவைக்கும் குறியும் அதுவே. மேற்கோள் குறிக்கு வெளியே அது தவறி விழுந்தால் என்ன குழப்பம் விளையும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆதலால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, கோப்பை யூடிஎப் 8 முறையில் சேமித்து, அதனைப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் அறிவித்துவிடுவது அவசியம்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் கணினியே இல்லாத குடும்பங்கள் ஏராளம். பிரவுசரிலேயே இயங்கும் விஷுவல் ஸ்டூடியோ கோடின் வடிவம் 2021 முதல் கிடைக்கிறதென்றாலும், சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறவேண்டிய பள்ளத்துத் தோட்டத்தில் அதனால் பிரயோசனம் சொற்பம். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் வலையமைப்பின்றியே இயங்கும் ஏகோட் போன்ற எடிட்டர்கள் சிறிய திரையில் கண்ணுக்குச் சிரமமாயினும், ஆரம்பப் பாடங்களுக்குத் தாராளமாகப் போதும்.

காசு கொடுத்து வாங்கத்தக்கவையும் உண்டு. சப்லைம் டெக்ஸ்ட் வேகமானது. அதன் உரிமத்தின் விலை 99 டொலர், அதாவது கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி பல நாட்கள் மலையேறிச் சம்பாதிப்பது. வெப்ஸ்டோர்ம் 2024 அக்டோபர் முதல் வணிக நோக்கமற்ற உபயோகத்துக்கு இலவசம். ஆனால் அதற்குப் பலமான கணினி வேண்டும். விம் என்னும் பழைய எடிட்டரை இயற்றிய பிராம் மூலெனார், விலைக்குப் பதிலாக உகண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவும்படி கேட்டுக்கொண்டார். அந்த மனம் பெரிது, கற்பதுதான் கடினம். எந்த எடிட்டரிலும் அபிமானம் அளவு கடக்கலாகாது: ஒரு காலத்தில் எல்லோரும் கொண்டாடிய ஆட்டம் எடிட்டரை அதன் சொந்தக்காரரான கிட்ஹப் 2022 டிசம்பரில் மூடிவிட்டது, அதில் எழுதிய கோப்புகளோ வேறெந்த எடிட்டரிலும் பழுதின்றித் திறந்தன.

தோட்டத்து வாசிகசாலைகளுக்கும் பாடசாலைகளுக்கும் பழைய கணினிகளை அன்பளிப்புச் செய்யும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: கணினியை வெறுமனே இறக்கிவைத்துப் போகாமல், இலேசான எடிட்டர் ஒன்றையும் யூனிகோடுத் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் அதில் நிறுவி, வலையமைப்பின்றி வாசிக்கத்தக்க பாடங்கள் சிலவற்றையும் சேர்த்து ஒப்படையுங்கள்.