ஐரோப்பிய பிளாஸ்டிக் வீரன் சோழப் படைவீரன் ஆவது எப்படி? பெயின்ட்டை விட முக்கியமான ஒரு விஷயம் இருக்கு!

உயரம் ஒரு கட்டைவிரலின் பாதிதான். தலையில் இரும்புத் தொப்பி, உடம்பில் சங்கிலிக் கவசம், கையில் நீளமான வாள். வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும் இந்த பிளாஸ்டிக் வீரனை, இடுப்பில் துணி கட்டி, கொண்டை போட்ட சோழப் படைவீரனாக மாற்ற முடியுமா?

முடியும். அதற்குத் தேவையான பொருள்களில் பாதி, பள்ளிபாளையம் மாதிரி ஒரு விசைத்தறி ஊரின் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் பழகப் பழக வந்துவிடும். ஆனால் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்னாடியே ஒரு கேள்விக்குப் பதில் தெரிஞ்சிருக்கணும்: நம்ம ஊர் வீரன் நிஜத்தில் எப்படி இருந்தான்?

முதலில், இது என்ன விளையாட்டு?

மேஜை மேல் சின்னச் சின்ன வீரர்களை அடுக்கி, அளவுகோலும் தாயக்கட்டையும் வைத்து ஒரு போரை நடத்திப் பார்ப்பதுதான் 'வார்கேம்'. நாற்படையைப் பலகையில் வைத்து ஆடிய சதுரங்கம் நமக்குப் புதுசு இல்லை. ஐரோப்பாவில் பிரஷ்ய ராணுவம் 1824ல் இதையே அதிகாரிகளுக்கான பயிற்சியாக மாற்றியது. எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913ல் பொம்மை வீரர்களை வைத்து ஆடுவதற்கு விதிகள் எழுதி ஒரு புத்தகமே போட்டார். 1983ல் பிரிட்டனில் வந்த 'வார்ஹாமர்' இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

பொம்மைகள் பெரும்பாலும் இரண்டு அளவில் வரும். ஒன்று, 28 மி.மீ. அளவு. இது கெட்டியான பிளாஸ்டிக். கை, தலை, ஆயுதம் எல்லாம் தனித்தனியாக ஒரு சட்டத்தில் ஒட்டியிருக்கும். இன்னொன்று, நிஜ அளவில் 72ல் ஒரு பங்கு. இது பெரும்பாலும் வளையக்கூடிய மென்மையான பிளாஸ்டிக். வீரன் சுமார் 24 மி.மீ. உயரம் இருப்பான்.

ஏன் மாற்றணும்? வாங்கிக்கலாமே?

இடைக்கால வீரர்கள் என்று தேடினால் அதிகம் வருவது ஐரோப்பியர்கள்தான். ஆங்கிலேய வில்லாளி, பிரெஞ்சு குதிரைவீரன், சிலுவைப்போர் வீரன். அதையும் இறக்குமதி செய்தால் விலை எகிறும். பொம்மைகள் மீதான அடிப்படை சுங்க வரி 2020ல் 20 சதவீதத்தில் இருந்து 60 சதவீதமாகவும், 2023ல் 70 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. அதனால் ஒரு பெட்டி வாங்கினால், அதில் இருக்கும் ஒவ்வொரு துண்டையும் பயன்படுத்தணும். பொம்மையை வெட்டி ஒட்டி வேறு ஆளாக மாற்றும் வேலைக்கு இந்த விளையாட்டில் 'கன்வெர்ஷன்' என்று பெயர்.

நம்ம வீரன் எப்படி இருந்தான்?

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். சினிமாவில் பார்த்த தோல் கவசம், உலோகத் தோள்பட்டை, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாவற்றையும் பொம்மைக்கும் போட்டுவிடுவார்கள். திரையில் அது கம்பீரமாத்தான் இருக்கும். ஆனால் கல் வேற கதை சொல்லுது.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நடுகல். ஆநிரை மீட்டும் ஊரைக் காத்தும் செத்துப்போன வீரனுக்கு ஊர்க்காரர்கள் நட்ட கல் இது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பகுதியிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளிலும் நிறைய கிடைத்திருக்கின்றன. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நேரிலேயே பார்க்கலாம். பல கற்களில் வீரன் ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாளோ குறுவாளோ பிடித்திருப்பான். இடுப்பில் இறுக்கிக் கட்டிய துணி, தலையில் கொண்டை, மேலுடம்பில் துணி இல்லை. சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருப்பதையும் செதுக்கியிருப்பார்கள்.

அப்போ கவசமே கிடையாதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. 'மெய்ம்மறை' என்ற கவசச் சொல் சங்க இலக்கியத்திலேயே இருக்கு. அதனால் தளபதிக்கோ யானைமேல் இருப்பவருக்கோ கவசம் போடுவது தப்பில்லை. வரிசையில் நிற்கும் சாதாரண வீரர்கள் எல்லோருக்கும் போட்டால்தான் கல்லில் இருக்கும் ஆதாரத்தோடு இடிக்கும்.

காலமும் முக்கியம். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் தாவி எழும் குதிரைகளும், கீழே ஈட்டி பிடித்த வீரர்களும் அற்புதமா இருக்கும். ஆனால் அது விஜயநகர காலத்து வேலைப்பாடு. அதைப் பார்த்து ராஜராஜன் படையைச் செய்தால் சுமார் 500 வருஷம் தள்ளிப் போயிடும்.

பள்ளிபாளையத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அவற்றில் பல, 'தெரிந்த கைக்கோளர்' என்று முடியும். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். பின்னாளில் கைக்கோளர் என்ற பெயர் நெசவாளர்களைக் குறிக்கும் பெயராக நிலைத்தது. அதனால் தறிச் சத்தம் ஓயாத ஊரில் ஒருவர் சோழர் காலாட்படையைச் செய்ய உட்கார்ந்தால், படைப்பிரிவுக்கு வைக்கும் பெயர் அவர் காதுக்கு ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும்.

மாற்றுவது எப்படி? படிப்படியாக

1. சரியான உடலைத் தேர்ந்தெடுங்க. கவசம் போட்டவனைச் செதுக்கி வெறும் உடம்பாக்குவது பெரிய வேலை. பண்டைய கெல்ட் வீரர்கள் போல வெறும் மேலுடம்போடு வரும் தொகுப்பு கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

2. கழுவுங்க. அச்சிலிருந்து வரும் எண்ணெய்ப் பசை பொம்மையில் ஒட்டியிருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். இதைச் செய்யாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும்.

3. வெட்டுங்க, தேய்ங்க. இரும்புத் தொப்பி, பூட்ஸ் மடிப்பு, கால்சட்டைச் சுருக்கம் எல்லாவற்றையும் கட்டரால் மெதுவாகச் சீவி, உப்புத்தாளால் தேய்க்கணும். கத்தி எப்பவும் விரலுக்கு எதிர்ப்பக்கம் போகணும்.

4. துணியும் கொண்டையும். குழாய் ஒழுகலை அடைக்க வாங்கும் எம்-சீல்தான் இங்கே ஹீரோ. இரண்டு பாகத்தையும் சம அளவில் பிசைந்து, விரலிலும் கருவியிலும் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டு, பல்குச்சியால் வடிவம் கொடுக்கலாம். மிளகு அளவு உருண்டை ஒரு கொண்டைக்குப் போதும். இடுப்புத் துணிக்கு மெல்லிய பட்டையாகத் தட்டிச் சுற்றி, மடிப்பை ஊசியால் கீறணும். கலந்த கொஞ்ச நேரத்திலேயே இறுக ஆரம்பிக்கும். அதனால் இரண்டு மூன்று பொம்மைக்கு ஆகிற அளவு மட்டும் கலப்பது நல்லது.

5. ஆயுதம். பிளாஸ்டிக் ஈட்டி சீக்கிரம் வளையும், உடையும். அதை வெட்டிவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பி வைத்து, நுனியைச் சுத்தியால் தட்டினால் ஈட்டி முனை தயார். வில்லுக்கு நாண் வேணுமா? பாவு நூலில் ஒரு இழையைப் பிரித்து எடுத்தால் போதும். நீண்ட ஐரோப்பியக் கேடயத்தைத் தூக்கிவிட்டு வட்டக் கேடயம் கொடுங்க.

ஒட்டுவதில் ஒரு வித்தியாசம் உண்டு. கெட்டி பிளாஸ்டிக்குக்கான தனிப் பசை, இரண்டு பரப்பையும் கொஞ்சம் கரைத்து ஒன்றாக்கும். மென்மையான பிளாஸ்டிக்கில் அது வேலை செய்யாது. அதில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது என்பதால், குண்டூசியைச் சூடாக்கி உள்ளே செருகி இணைப்பதுதான் வழி. பிளாஸ்டிக், கம்பி, எம்-சீல் என்று வேறு வேறு பொருள்கள் சேரும் இடத்தில் பெவிக்விக் மாதிரியான பசை உதவும்.

என்ன நிறம் அடிக்கலாம்?

நடுகல்லில் இப்போது நிறம் இல்லை. அதற்குத் தஞ்சைக்குத்தான் போகணும். பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள்பாதையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அங்கே பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது என்றாலும், படங்கள் புத்தகங்களில் கிடைக்கின்றன. காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என மண்ணின் நிறங்கள்தான் கண்ணில் படும். பளபளக்கும் ஊதாவும் நியான் நீலமும் வேண்டாம்.

முதலில் கார் பெயின்ட் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற பிரைமர், மெல்லிசா ஒரு கோட். அப்புறம் தண்ணீர் கலந்த அக்ரிலிக். தடிமனா ஒரு தடவை அடிப்பதை விட மெல்லிசா இரண்டு தடவை அடிப்பது எப்பவும் நல்லது. தோலுக்கு ஒரே நிறம் போடாதீங்க. செம்மண், காப்பி, கரும்பழுப்பு என வரிசையில் நிற்கும் ஆள்களுக்கு மாற்றி மாற்றி அடித்தால் படை உயிரோடு தெரியும். காய்ந்ததும் நீர்த்த அடர்பழுப்பைப் பூசினால் மடிப்புகளில் நிழல் தங்கும். மேடான இடங்களில் லேசான நிறத்தைத் தொட்டு எடுத்தால் வெளிச்சம் வரும். கடைசியில் பளபளப்பு இல்லாத வார்னிஷ்.

இதிலெல்லாம் கவனம் தேவை

ஸ்பிரே அடிக்கும்போது வெளியே போய், மாஸ்க் போட்டு அடிங்க. எம்-சீல் பிசைய கையுறை அவசியம். இறுகிய பிறகு அதைத் தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளிடம் கட்டரையும் பசையையும் தனியாக விடாதீங்க. மிச்சமான தின்னரைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. சாயக்கழிவு காவிரியை என்ன செய்யும் என்று பள்ளிபாளையத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

படை தயார். எந்தப் போர்?

கி.பி. 949ல் நடந்த தக்கோலம் போர் நல்ல தேர்வு. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் முதலாம் பராந்தகன் மகன் ராஜாதித்தன். எதிரே ராஷ்டிரகூட மன்னர் மூன்றாம் கிருஷ்ணனும், கங்க மன்னர் இரண்டாம் பூதுகனும். யானைமேல் இருந்த ராஜாதித்தன் அங்கே உயிரிழந்தார், சோழர்கள் தோற்றார்கள்.

அவரைக் கொன்றது யார் என்பதில்தான் சுவாரஸ்யம். சோழர்களின் லெய்டன் செப்பேடு, கிருஷ்ணனின் அம்பு மார்பில் தைத்ததாகச் சொல்கிறது. கர்நாடகத்தின் ஆதகூர் கல்வெட்டோ, கொன்றது பூதுகன் என்கிறது. அந்தக் கல் நடப்பட்டது மனிதனுக்கு அல்ல, காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த 'காளி' என்ற வேட்டை நாய்க்கு! இப்போது பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கு.

யானைமேல் ஒருவர், கீழே வில்லோடு ஒருவர், ஓரத்தில் ஒரு நாய். ஆதாரத்தோடு ஒரு காட்சி வைக்க இந்த மூன்று பொம்மை போதும். இரும்புத் தொப்பியை மட்டும் வெட்ட மறந்துடாதீங்க.