துளைக்குப் பொருந்தினால் போதுமா? பழைய காரும் புதிய ஸ்பீக்கரும்

ஜெனரல் மோட்டார்ஸ் 1967 முதல் 1969 வரையிலான மாடல் ஆண்டுகளுக்குத் தயாரித்த முதல் தலைமுறை செவ்ரலே கமரோ காரில், முன்கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டின் நடுவில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. நான்கு அங்குல அகலம், பத்து அங்குல நீளம் கொண்ட நீள்வட்டம். வாய் மேல்நோக்கி இருக்கும். அரை நூற்றாண்டு கடந்தும் இந்தக் கார்களை அமெரிக்காவில் பலர் பொத்திப் பாதுகாக்கிறார்கள். ஸ்பீக்கர் கெட்டதும் அதே நீள அகலத்தில் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டிவிடத் தோன்றும். ஆனால், ஸ்பீக்கரும் ரேடியோவும் டேஷ்போர்டும் சேர்ந்த ஒரே அமைப்பு அது. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் அதற்கு இசைகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

வெயில் தின்ற காகிதம்

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-இல் வெளியிட்ட வடிவமைப்பைத்தான் இன்றைய ஸ்பீக்கர்களும் அடிப்படையாகக் கொண்டுள்ளன. காந்தத்தின் குறுகிய இடைவெளிக்குள் ஒரு கம்பிச்சுருள். அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் மாறும்போது அது முன்னும் பின்னும் நகர்கிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது, ஒலி பிறக்கிறது.

கமரோவில் அந்தக் கூம்பு காகிதக் கூழால் ஆனது. காரில் டேஷ்போர்டைவிடக் கடுமையான இடம் அதற்குக் கிடைத்திருக்க முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் நிறுத்திய கார்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான முடிவுகளின்படி, ஒரு மணி நேரத்தில் டேஷ்போர்டின் சராசரி வெப்பநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸை எட்டியது. வெப்பமும் புறஊதாக் கதிரும் காகிதத்தை நொறுங்க வைக்கின்றன, ஈரம் அதை உப்ப வைக்கிறது, பசை விட்டுப்போகிறது. கூம்பு சற்றே கோணினாலும் சுருள் காந்தத்தில் உரசும். அதுதான் நாம் கேட்கும் கரகரப்பு.

எதிர்ப்பைப் பாருங்கள்

இண்டியானா மாநிலத்தின் கோகோமோ நகரில் இயங்கிய டெல்கோ ரேடியோ, ஜெனரல் மோட்டார்ஸின் சொந்தப் பிரிவு. கமரோவின் ரேடியோ அங்கிருந்துதான் வந்தது. அதன் வெளியீட்டுப் பகுதியில் ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அது தரும் திறன் சில வாட் மட்டுமே. அந்தச் சுற்று 10 ஓம் ஸ்பீக்கருக்காகக் கணக்கிடப்பட்டது. இன்று கடையில் கிடைக்கும் கார் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 4 ஓம்.

எதிர்ப்பு பாதிக்கும் கீழே இறங்கினால் ஸ்பீக்கர் இழுக்கும் மின்னோட்டம் அதற்கேற்ப உயரும். ஒலி சிதைவதோடு டிரான்சிஸ்டரும் சூடேறும். ஜெர்மானியத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: சூடு ஏற ஏற அதில் கசியும் மின்னோட்டம் கூடுகிறது; கசிவு கூடுவதால் சூடு மேலும் ஏறுகிறது. இந்தச் சுழலுக்குள் சிக்கிய டிரான்சிஸ்டர் பிழைப்பது அரிது. பழைய ரேடியோவை வைத்துக்கொள்பவர்கள் 8 அல்லது 10 ஓம் ஸ்பீக்கரைத்தான் வாங்க வேண்டும்.

பழைய கார்களுக்கென்றே ஒரே கூம்பில் இரண்டு சுருள்கள் கொண்ட ஸ்பீக்கர்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் இரண்டு 4 ஓம் சுருள்களைத் தொடராக இணைத்தால் 8 ஓம் ஆகிவிடும். ஒரு சுருளின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்ப்பது முக்கியம். மாற்றி இணைத்தால் இரு சுருள்களும் எதிரெதிராக இழுத்து, கூம்பு அசையாமலே நின்றுவிடும்.

புது ரேடியோ வந்தால்

அதே இரட்டைச் சுருள் ஸ்பீக்கர் இன்றைய ஸ்டீரியோ ரேடியோவுக்கும் ஏற்றது. இடது ஒலி ஒரு சுருளுக்கு, வலது ஒலி இன்னொன்றுக்கு. ஒரே துளையில் இரண்டு பக்கமும் வந்து சேர்கின்றன. இதை விட்டுவிட்டு, இடது வலது கம்பிகளை முறுக்கிச் சேர்த்து ஒற்றைச் சுருளில் கொடுத்தால், ரேடியோவின் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றின்மேல் ஒன்று மோதும்.

பழைய ஒயரிங்கில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனை காரின் உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். இன்றைய ரேடியோவில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு கம்பிகளிலும் பேட்டரியின் பாதி மின்னழுத்தம் எப்போதும் நிற்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அவற்றில் ஒன்றைக் காரின் உடலில் தொட வைத்தால் உள்ளிருக்கும் சிப் எரிந்துபோகலாம். ஆகவே, புது ரேடியோவிலிருந்து ஸ்பீக்கர்வரை இரண்டு கம்பிகளையும் தனியாகக் கொண்டு வர வேண்டும்.

ரேடியோ பெட்டியில் "50 வாட்" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். இயங்கும் காரில் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சிதைவில்லாமல் கிடைக்கக்கூடிய திறன், கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது. நடைமுறையில் அதைவிடக் குறைவு.

காந்தம் சிறுத்த கதை

டேஷ்போர்டுக்குள் காற்றுக் குழாய்களும் ஒயர்களும் நெருக்கியடிக்கும். நீள அகலம் சரியாக இருந்தும், ஆழம் போதாமல் ஸ்பீக்கர் திரும்பிப் போவதுண்டு. இங்கே கைகொடுக்கிறது நியோடிமியம் காந்தம். ஜப்பானின் மசாடோ சகாவாவும் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் குரோட்டும் தனித்தனியே உருவாக்கிய இதை 1983-இல் உலகுக்கு அறிவித்தார்கள். கமரோவைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே பிறந்த பொருள் அது. பழைய அல்நிகோ காந்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் ஆற்றலைத் தன்னுள் அடக்கும். அதனால் தட்டையாகச் செய்ய முடிகிறது.

ஆனால், சாதாரண ரக நியோடிமியம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கத் தொடங்கும். அல்நிகோ சில நூறு டிகிரிவரை தாங்கும். டேஷ்போர்டே 69 டிகிரிக்குக் கொதிக்கும் ஊரில், சுருளின் சொந்தச் சூடும் சேரும். வெப்பம் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குவது நல்லது. ஆழம் போதுமானால் வழக்கமான ஃபெர்ரைட் காந்தமே நிம்மதி.

இடுக்கை அடைத்துவிடுங்கள்

கூம்பு முன்னே காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னே காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். தாழ்ந்த ஒலிகளுக்கு இது பெரும் இழப்பு. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமே 3.4 மீட்டர். முன்னும் பின்னும் சேராமல் தடுப்பது டேஷ்போர்டின் தகடுதான். ஸ்பீக்கரின் விளிம்பில் இடுக்கு இருந்தால் அந்த வேலி உடைந்துவிடும். சுற்றிலும் ஒரு ஃபோம் பட்டை ஒட்டிவிட்டு மாட்டினாலே தாழ்ந்த ஒலி நன்றாகத் தேறும்.

மாட்டும் முன்

பழைய ஸ்பீக்கரைக் கழற்றியதும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். மீட்டர் காட்டுவது பெயரளவு ஓமைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். 10 ஓம் ஸ்பீக்கர் சுமார் 8 காட்டலாம். எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட வைத்துக் கூம்பு வெளியே துள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்டதே ஸ்பீக்கரின் நேர்முனை.

வேலை தொடங்க வேண்டிய வரிசை இதுதான்: எந்த ரேடியோ என்று முதலில் முடிவு செய்யுங்கள், அது கேட்கும் ஓமைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆழத்தை அளந்துகொள்ளுங்கள், கடைசியில் பிராண்டைப் பாருங்கள். பெரிய ஸ்பீக்கருக்காக டேஷ்போர்டை மட்டும் வெட்டாதீர்கள். கழற்றிய ஸ்பீக்கரையும் பத்திரமாக வையுங்கள். அதன் கூம்பைப் புதிதாக மாற்றித் தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஸ்பீக்கரை நாளைக்கும் மாற்றலாம். வெட்டிய அசல் தகடு திரும்ப வராது.