காமா ஜீனை எழுப்பும் ‘சூப்பர்வைசர்’ புரதம்: வேலூர் ஆய்வு சொல்வது என்ன?

தலசீமியா மேஜர் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏத்தணும். ஹீமோகுளோபினுக்குத் தேவையான பீட்டா குளோபின் அவர்கள் உடலில் சரியாக உருவாவதில்லை. ஆனால், கருவில் இருந்தவரை சிக்கல் இல்லை. அப்போது அந்த வேலையைச் செய்தது காமா குளோபின். பிறந்த சில மாதங்களில் அது அடங்கிவிடுகிறது. அடக்குவது யார்?

யார் இந்த சூப்பர்வைசர்?

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாடலுக்கும் பேட்டர்ன் இருக்கும். இன்னைக்கு எது ஓடணும், எது நிக்கணும் என்று சூப்பர்வைசர் சொல்வார். நம் செல்களிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான். எந்த ஜீன் ஓடணும் என்று சொல்பவை ‘டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்’ புரதங்கள். டிஎன்ஏவில் தமக்கேற்ற எழுத்து வரிசை இருக்கும் இடத்தில் இவை போய் உட்காரும்.

இவற்றில் ஒரு குடும்பம் கேஎல்எஃப். அதில் கேஎல்எஃப்2 ரத்தக்குழாயின் உட்சுவரைக் காக்கிறது. 2006-ல் ஷின்யா யமனாகா எலியின் செல்களை ஸ்டெம் செல் போல மாற்றப் பயன்படுத்திய நான்கு ஃபேக்டர்களில் கேஎல்எஃப்4-ம் ஒன்று. கேஎல்எஃப்1-க்கு ஏரியா சிவப்பணு. பீட்டாவை ஓடவிடுவதும், பிசிஎல்11ஏ என்ற புரதத்தை ஏவி காமாவை நிறுத்துவதும் அதுதான்.

வேலூரில் என்ன செய்தார்கள்?

சிஎம்சி வளாகத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தினர், காமா ஜீனின் சுவிட்ச் பகுதியில் ‘பேஸ் எடிட்டிங்’ மூலம் எழுத்துகளை மாற்றிப் பார்த்தார்கள். மைனஸ் 123, மைனஸ் 124 ஆகிய இடங்களில் ‘டி’ என்ற எழுத்து ‘சி’ ஆனதும், கேஎல்எஃப்1 உட்காரப் புது இடம் கிடைத்தது. காமாவை நிறுத்தச் சொன்ன அதே சூப்பர்வைசர், இப்போ ஓட்டச் சொல்கிறார்! பிசிஎல்11ஏ உட்காரும் இடத்தைச் சிதைத்தபோது கிடைத்ததைவிட, இதில் கருநிலை ஹீமோகுளோபின் அதிகம் உருவானது. ஆய்வு 2022-ல் ‘ஈலைஃப்’ இதழில் வெளியானது.

நமக்கு என்ன பயன்?

2023-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற ‘காஸ்ஜெவி’ சிகிச்சையும் காமாவைத்தான் எழுப்புகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். மாதாமாதம் ரத்த டோனரைத் தேடி அலையும் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. வேலூர் முடிவு ஆய்வகச் செல்களில் கிடைத்தது. சிகிச்சையாக மாற மனிதப் பரிசோதனைகளைத் தாண்டணும். ஆனால், எந்த எழுத்தைத் திருத்தணும் என்பதை இங்கேயே கண்டுபிடிப்பதுதான், இங்கே கட்டுப்படியாகும் சிகிச்சைக்கு முதல் படி.