ஜெர்மன் பி2: மூணு மாசத்துல முடிச்சிட முடியுமா?

"மூணே மாசம்… பி2 கன்ஃபார்ம்… ஜெர்மனியில வேலை!" கிள்ளை, சிதம்பரம் பக்கம் நர்சிங்கோ இன்ஜினீயரிங்கோ முடித்துவிட்டு வெளிநாட்டு வேலை தேடுபவரா நீங்கள்? இந்த மாதிரி விளம்பரம் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

பி1, பி2 என்றால் என்ன?

ஐரோப்பிய மொழிகளை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1, ஏ2 தொடக்க நிலை. கடையில் பேசலாம், வழி கேட்கலாம். பி1, பி2 இடைநிலை. நோயாளி தனக்கு எங்கே, எப்படி வலிக்கிறது என்று சொல்வதைப் புரிந்துகொண்டு, அதை டாக்டரிடம் சரியாகச் சொல்ல இது வேண்டும். அதனால்தான் ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற பொதுவாக பி2 கேட்கிறார்கள். 'அவுஸ்பில்டுங்' எனப்படும் தொழிற்பயிற்சிக்குப் போக பெரும்பாலும் பி1 தேவை.

எவ்வளவு நாள் ஆகும்?

பூஜ்யத்திலிருந்து பி2 வரை, 45 நிமிடப் பாடவேளைகளாக 600 முதல் 800 வரை ஆகும் என்பது கோத்தே இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. தினம் 4 பாடவேளை, வாரம் 5 நாள் என்று வைத்தால் 30 முதல் 40 வாரம். அதையே 90 நாளில் முடிக்க வேண்டுமானால், ஞாயிறுகூட லீவு இல்லாமல் தினம் 7 முதல் 9 பாடவேளை உட்கார வேண்டும். வீட்டுப்பாடம் தனி. மூணு மாசம் போதும் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

ஏன் பி1-ல் திணறுகிறார்கள்?

ஏ2 வரை மனப்பாடம் கைகொடுக்கும். பி1-ல் காரணம் சொல்ல வேண்டும், கருத்தை மறுத்துப் பேச வேண்டும், வாக்கியங்களை இணைக்க வேண்டும். இங்கே தமிழ் நமக்கு உதவும். 'அவன் நாளைக்கு வருவான்னு எனக்குத் தெரியும்' என்பதில் 'அவன் நாளைக்கு வருவான்' என்ற பகுதி வினைச்சொல்லில் முடிகிறது. ஜெர்மனிலும் 'டஸ்' போட்டு இணைக்கும் பகுதியில் வினை கடைசிக்குப் போய்விடும். இங்கிலீஷ் வழியாக யோசித்தால்தான் குழப்பம். ஸ்கூலில் படித்த 'ஐ', 'கு' வேற்றுமைகளை நினைவில் வையுங்கள். அக்குசாட்டிவ், டாட்டிவ் அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. 'நீ', 'நீங்கள்' வித்தியாசம் அங்கேயும் உண்டு: 'டூ', 'ஸீ'. ஆனால் ஆண்பால், பெண்பால் மட்டும் தொல்லைதான். மேஜை அங்கே ஆண்பால்! ஒவ்வொரு சொல்லையும் அதன் 'டெர், டீ, டஸ்' சேர்த்தே படிக்க வேண்டும்.

கிள்ளையில் இருந்தபடியே படிக்கலாமா?

படிக்கலாம். டாய்ச்ச வெல்லயின் 'நிக்கோஸ் வேக்' ஏ1 முதல் பி1 வரை இலவசம். அதே நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்திகளையும் தருகிறது. ஆனால் பேசுவதை யாராவது திருத்த வேண்டும். அதற்கு ஆன்லைன் வகுப்பாவது அவசியம். கோத்தே தேர்வைச் சென்னையில் எழுதலாம். வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் வேண்டும். பி1, பி2-ல் ஒரு பகுதியில் தவறினால் அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

கிள்ளைக்குத் தெற்கே, இதே கடற்கரையில் இருக்கிறது தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவர் மொழியை நாம் கற்கவும் அதே பொறுமைதான் வேண்டும்.

பணம் கட்டும் முன் பயிற்சி மையத்திடம் மூன்றே கேள்வி: மொத்தம் எத்தனை பாடவேளை? தேர்வை நடத்துவது யார்? தோற்றால் மறுதேர்வுக் கட்டணம் யாருடையது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.